வட்டத்தைச் சரியாக வரையக் கூடாது

1

இந்தக் கதை ஒரு பலகையைப் பார்த்ததில் பிறந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் இளநீலத்தில் வெள்ளை எழுத்து: 'உடல் பெறுமிடம்'. எழுத்து அவ்வளவு அழகு. ஒவ்வொரு வளைவும் வட்டத்திலிருந்து வெட்டி எடுத்தது போல. எல்லாக் கோடும் ஒரே தடிமன். கோடு முடிகிற இடமெல்லாம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கி உருண்டிருந்தது. குழந்தைகளுக்கான பற்பசை டப்பாவில் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி. படித்துவிட்டுப் பாதி புன்னகைத்தும் விட்டேன். அதற்கப்புறம்தான் என்ன எழுதியிருக்கிறது, அது பிணவறை வாசல் என்பது மண்டையில் ஏறியது.

அந்தப் பாதிப் புன்னகை மட்டும்தான் உண்மை. மீதியெல்லாம் நான் கட்டியது.

இந்த எழுத்தை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுத்து தானாக முளைப்பதில்லை. ஒவ்வொரு அ, ஒவ்வொரு ழ, ஒவ்வொரு கொம்பும் காலும் யாராவது கண் வலிக்க வலிக்க வரைந்தவை. அந்த ஆள் என்றாவது ஒருநாள் இதே பலகைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டி வந்தால்?

ஆகவே ஒரு பெண்ணை உண்டாக்கினேன். அவளுக்கு ஒரு அப்பாவைக் கொடுத்தேன். கொடுத்தபோதே அவரை எடுத்துக்கொள்ளப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவர்களின் புத்தி அது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[அப்பா காணாமல் போன அன்று நீலச் சட்டை போட்டிருந்தார். வலது செருப்பின் வார் அறுந்து, காலை இழுத்து இழுத்து நடந்தார். கடைசியில் அவரைக் கண்டுபிடித்தபோது அவர்]

அடித்துவிட்டேன். அறுந்த செருப்பு என்பது வாசகரை அழவைக்க எழுத்தாளர்கள் பெட்டியில் வைத்திருக்கும் சாமான். தவிர, மூன்றாவது வரியிலேயே ஆளை முடித்துவிட்டால் மிச்சப் பக்கங்களில் நான் என்ன செய்வது? இந்தக் கதையில் அப்பா பழுப்பு நிறக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருக்கிறார். செருப்பு இல்லை, மகன் வாங்கித் தந்த நல்ல ஷூ. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தொடக்கம்:

[வட்டம் என்பது மனிதன் இயற்கையிடமிருந்து]

அடச்சே.

மூன்றாவது நிற்கட்டும்:

"இது உருளுதும்மா," என்றார் அப்பா. "நிக்கல."

3

வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார். அதில் பெரிதாக 'வழி' என்று ஒரே ஒரு சொல். மகள் அச்செடுத்து ஒட்டியிருந்தாள். புது எழுத்துருவின் முதல் வடிவம். வ-வின் சுழி, ழ-வின் அடிவளைவு, மேலே கொக்கி எல்லாமே துல்லியமான வட்டத்தின் துண்டுகள். அந்த வேலையில் இருப்பவர்கள் சோதனைக்கு இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சொல் சரியாக வந்தால் மற்றதெல்லாம் வரும்.

அப்பா வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர். மனிதர்கள் சொன்னால் கேட்கமாட்டார், பலகை சொன்னால் கேட்பார். சாலையில் ஒவ்வொரு பலகையைக் கடக்கும்போதும் 'சரி, கேட்டுக்கிட்டேன்' என்பது போல ஒரு தடவை தலையாட்டுவார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைப்பலகைக்கு ஒரு தலையாட்டல், லிஃப்டில் எழுதியிருப்பதற்கு ஒன்று. சமீப காலமாகப் பேரெல்லாம் மறந்துகொண்டிருந்தது. தலையாட்டல் மட்டும் மறக்கவில்லை.

கூடத்தின் மறுகோடிவரை பின்னால் நடந்துபோய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வழின்னு போட்டிருக்கு. எங்கேன்னு போடலியே?"

"இது சும்மா மாதிரிப்பா. எழுத்து எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க."

"எழுத்த மட்டும் எப்படிம்மா பாக்கறது? போர்டுன்னு ஒண்ணு வச்சா அது சொன்னபடி போகணும்ல?"

"குளிர்பெட்டிக்குள்ள போங்க அப்ப."

சிரித்தார். ஆனால் அவர் சொன்னது சரி. எழுத்து நிற்கவில்லை. மகளுக்கும் தெரிந்துதான் இருந்தது.*

* இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வட்டத்தைச் சரியாக வரைந்தால் அது தப்பாகத் தெரியும். கண்ணின் கோளாறு அது. கோட்டின் மேல் கச்சிதமாக உட்காரவைத்த வட்டம் அந்தரத்தில் மிதப்பது போலவும், பக்கத்து எழுத்தைவிடச் சிறியது போலவும் தோன்றும். அதனால் வட்ட எழுத்தைக் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்கிவைப்பார்கள். வளைவு நேர்க்கோட்டோடு சேரும் இடத்தில் தடிமனைக் குறைப்பார்கள். இல்லாவிட்டால் அந்த மூட்டில் கறுப்பாகக் கட்டி நிற்கும். உலகத்தில் நீங்கள் படிக்கிற உருண்டை எழுத்து எல்லாமே இப்படி ஏமாற்றி வரைந்ததுதான். ஏமாற்றாத எழுத்து யார் கண்ணுக்கும் படக்கூடாது.

மகள் ஏமாற்றக் கற்றவள். ஒவ்வொரு மூட்டையும் செதுக்கினாள், ஒவ்வொரு வட்டத்தையும் மெல்ல நசுக்கினாள். முதல் வடிவத்தைக் கணினியிலிருந்து அழித்தாள். குளிர்பெட்டித் தாளில் தேநீர் கொட்டிவிட்டதால் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். அந்த முதல் எழுத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

புதிய தாளை ஒட்டியதும் அப்பா பின்னால் போய்ப் பார்த்தார்.

"இப்ப நிக்குது," என்றார். தலையாட்டவில்லை. கொஞ்சம் கழித்து, "அது போயிடுச்சா?" என்றார்.

"எதுப்பா?"

"உருண்டுட்டே இருந்துச்சே. அது."

"அழிச்சிட்டேன்."

"அழிச்சா எங்கே போகும்?"

மகள் புதிய தாளின் மூலையை அழுத்தி ஒட்டினாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

4

எழுத்துரு நன்றாக ஓடியது. பிஸ்கெட் உறையில் வந்தது, மழலையர் பள்ளி வாசலில் வந்தது. வங்கியின் செயலி அதே எழுத்தில் 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று தாலாட்டியது. ஒரு பழைய குடியிருப்பின் சுவரில் 'இக்கட்டடம் இடிக்கப்படும்' என்று மிட்டாய் மாதிரி எழுதியிருந்தார்கள். குடியிருந்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். பூச்சிமருந்துப் புட்டியில் 'விஷம்' என்ற சொல்லைப் பார்த்தபோது மகளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தலையை நீவிவிடத் தோன்றும் 'விஷம்' அது.

பிறகு மருத்துவமனை கேட்டது. நிர்வாகத்தில் ஒரு அம்மாள், நேர்த்தியான ஆள், காரணத்தையும் சொன்னார்.

"பழைய போர்டெல்லாம் பார்த்து ஜனங்க கதவு முன்னாடி நின்னுடறாங்கம்மா. உள்ள போகவே யோசிக்கறாங்க. உங்க எழுத்த ஒரு மாடியில போட்டுப் பாத்தோம், அங்க யாரும் நிக்கறதே இல்ல. நேரா போயிடறாங்க."

"எந்தக் கதவுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

அந்த அம்மாளைக் கதையில் இதோடு விட்டுவிடுகிறேன். கெட்டவர் இல்லை.

இன்னொரு ஆளைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறது. மகளுக்கு ஒரு தம்பி. அவனை எடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எதையும் நம்பாதவன், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பவன். இப்படிப்பட்ட கதைகளில் அவன் பேய்க்கு முன்னால் வைக்கும் எலுமிச்சம்பழம் மாதிரி, இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் யாராவது போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்காக வைத்திருக்கிறேன்.

5

அப்பாவின் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். மகளும் தம்பியும் கூட்டிப்போனார்கள். நல்ல வெயில் நேரம். கூடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்பா வழிநெடுக ஒவ்வொரு பலகையாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். 'எலும்பு.' 'குழந்தைகள்.' 'கட்டணம்.' ஒன்றுக்கும் தலையாட்டவில்லை.

"என்னப்பா, நம்ம எழுத்துக்கு மரியாதையே இல்லையா?" என்றாள் மகள்.

"எல்லாம் ஒரே குரல்ல பேசுதும்மா. எது நிஜமா கூப்பிடுதுன்னு தெரியல."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மகள் சீட்டு வாங்கப் போனாள். தம்பி போனில் பேசியபடி ஜன்னல் பக்கம் நகர்ந்தான். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

கழிப்பறை, உணவகம், வாசல் எங்கேயும் இல்லை. தம்பி வாசல் காவலரிடம் கத்தினான். மகள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். எந்தக் கதவுக்கு முன்னாலும் தான் நிற்கவில்லை என்பது அவளுக்குப் பாதியில்தான் உறைத்தது. 'உடல் பெறுமிடம்' என்ற கதவைக்கூட அதே வேகத்தில் திறந்திருந்தாள்.

கடைசியில் கேமரா அறைக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் தொந்தியும் பொறுமையும் உள்ள ஆள்.

"என்ன சட்டைங்க?"

"பழுப்புக் கட்டம்," என்றான் தம்பி. "நான் வாங்கிக் கொடுத்த ஷூ."

ஒவ்வொரு திரையிலும் பதிவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்கேன் பிரிவைத் தாண்டினால் ஒரு நடை. நடையின் முடிவில் குடிநீர் இயந்திரம். அதற்கு எதிரே ஒரு கிழவர் நடந்து வந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இவரா? ஆனா இவரு நீலச் சட்டைல்ல போட்டிருக்காரு."

"அப்பாதான்," என்றாள் மகள். அவர் நிற்கும் விதத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பாள்.

"காலை இழுக்கறாரேக்கா," என்றான் தம்பி. "செருப்பு அறுந்திருக்கு. ஷூ எங்க?"

6

இங்கே நான் எழுதுவதை நிறுத்தினேன்.

நீலச் சட்டையை நான் அடித்துவிட்டேன். நீங்களே பார்த்தீர்கள். இரண்டாம் பகுதியில், உங்கள் கண்ணெதிரே. கட்டம் போட்ட சட்டை என்று தெளிவாக எழுதினேன், ஞாபகம் வைத்துக்கொள்ளவும் சொன்னேன். அந்தத் திரையில் அவரைக் கட்டம் போட்ட சட்டையில்தான் நிறுத்த நினைத்தேன். கேமரா அறைக்காரர் வாயைத் திறந்ததும் நீலம் என்று வந்துவிட்டது. திருத்தினேன். படித்துப் பார்த்தால் வாக்கியம் நிற்கவில்லை. [பழுப்புச் சட்டையில் கிழவர்] [கட்டம் போட்ட] இல்லை. உருளுகிறது.

அடித்த தொடக்கத்தில் அந்த ஆளுக்கு ஒரு முடிவு காத்திருந்தது. 'கண்டுபிடித்தபோது அவர்' என்று நிறுத்தியிருந்தேன். அந்த வாக்கியம் தன்னை முடித்துக்கொள்ள இந்தக் கதைக்குள் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் முடிக்கப்போவதில்லை.

7

திரையில் அப்பா அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது, எதையோ படித்தார். பிறகு ஒரே ஒரு தடவை தலையாட்டினார். இடப்பக்கம் திரும்பிப் படத்தை விட்டு வெளியே போனார்.

"அந்த போர்டைக் கொஞ்சம் பெருசாக்குங்க," என்றாள் மகள்.

"அங்க போர்டே கிடையாதுங்க. நான் தெனம் அங்கதான் தண்ணி பிடிக்கறேன்." சொல்லிக்கொண்டே பெரிதாக்கினார்.

சுவரில் ஒரு பலகை இருந்தது. படம் கலங்கல். 'வழி' என்று மட்டும் தெரிந்தது. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒவ்வொரு எழுத்திலும் வளைவு கோட்டைத் தொடும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கட்டி நின்றது. எழுத்துகள் கோட்டின் மேல் உட்காரவில்லை, மயிரிழை மிதந்தன.

"இது என்னோட எழுத்து இல்ல," என்றாள். அப்புறம், "என்னோடதுதான்," என்றாள்.

"நீ குப்பைல போட்டதா சொன்னியே, அந்தப் பேப்பரை அப்பா எடுத்து வச்சிருந்திருப்பார்," என்றான் தம்பி. "அவரே ஒட்டிட்டுப் போயிருப்பார். இதுல என்ன இருக்கு?"

"அவ்வளவு உயரத்துல எப்படிடா ஒட்டுவார்?"

காரணம் தேடிக்கொண்டே அவன் ஓடினான். இப்போதைய படம் ஓடும் திரையில் அவன் வந்து நிற்பதை இவள் பார்த்தாள். பலகை இருந்த இடத்தில் வெறும் சுவர். அப்பா திரும்பிய இடப்பக்கமும் சுவர்தான். தம்பி தட்டினான். இன்னொரு இடத்தில் தட்டினான். நான் அவனை எதற்கு வைத்திருந்தேனோ அதைச் செய்தான். அவன் தட்டுவதை நிறுத்தியபோது கேமரா அறைக்காரர் திரையை விரலால் தொட்டார்.

"அம்மா. உங்க தம்பிக்குப் பக்கத்துல."

நீலச் சட்டை. தம்பியின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தம்பி அவர் இருப்பது தெரியாமல், அவர் உடம்பின் வழியாகவே திரும்பி நடந்து வந்தான்.

"எதுக்கோ காத்துட்டு நிக்கறாரு," என்றார் கேமரா அறைக்காரர், குரலைத் தாழ்த்தி. "போர்டு வரட்டும்னு நிக்கற மாதிரி."

8

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

ஒன்று: அப்பா உணவகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார், எல்லாம் கேமராக் கோளாறு. இதை எழுதினால் என்னை நானே அறைந்துகொள்வேன்.

இரண்டு: [மகள் அந்த நடையில் மறுபடி போய் 'உடல் பெறுமிடம்' என்ற கதவைத் திறந்தபோது அவர்] வேண்டாம். அதே வாக்கியம், வேறு வாசல் வழியாக நுழையப் பார்க்கிறது.

மூன்றாவதை மகளே செய்தாள். நான் கூடப் போகிறேன், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் ஒரு தடித்த மார்க்கரும் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கமும் வாங்கிக்கொண்டாள். குடிநீர் இயந்திரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வட்டத்துக்கு மாத்திரை டப்பாவின் மூடியை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் கையில் ஏறிய ஏமாற்றை எல்லாம் இறக்கிவைத்து, வட்டத்தைச் சரியாக வரைய வேண்டும். அவர் அதற்குத்தான் தலையாட்டுகிறார். அம்புக்குறியைப் போட்டாள், வாசல் இருக்கும் பக்கமாக. அதன் முனையைக்கூட ஏமாற்றாமல் உருட்டினாள்.

தம்பி கேமரா அறைக்குள் உட்கார்ந்து போனில் பேசினான். அவன் குரலில் காரணங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன.

"அக்கா, அப்பா உன் பக்கத்துலதான் நிக்கறார். உன்னைப் பாக்கல. சுவரைத்தான் பாக்கறார். என்ன எழுதப் போற?"

"'வழி'ன்னு போட்டா எங்கேன்னு கேப்பார்."

"'வெளியே'ன்னு போடு."

"வெளியேன்னா போயிட்டே இருப்பார்டா. நிக்கவே மாட்டார்."

"'வீடு'?"

"எந்த வீடு? போன வாரம் தான் பொறந்த வீட்டுக்குப் போகணும்னு அழுதார்."

"அப்ப 'அப்பா'ன்னு எழுது. 'அப்பா, இங்கே'. அவ்வளவுதான்."

மார்க்கரின் மூடியை மறுபடி கழற்றினாள். எழுதவில்லை. மருத்துவமனையில் அப்பாக்கள் நிறைய. அந்தச் சுவருக்குள் அவர் ஒருவர்தான் போயிருக்கிறார் என்று யார் சொன்னது? கதவுக்கு முன்னால் நிற்காமல் நேராகப் போனவர்கள் எத்தனை பேரோ. 'அப்பா' என்று கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்புவார்கள்.

"அக்கா, சீக்கிரம். திரும்பறார். அப்பா மறுபடி அந்த இடப்பக்கச் சுவருக்குத் திரும்பறார்."

9

இங்கே மார்க்கரை உங்களிடம் கொடுக்கிறேன். எனக்குச் சொல் வரவில்லை. வந்ததெல்லாம் அவளிடம் ஏற்கெனவே தோற்றுவிட்டது. ஒரே சொல் போதும், அட்டையில் அதற்குத்தான் இடம் இருக்கிறது. லாரிக்காரர் ஒருவர், மறதிக்காரர், சொன்னபடி போகிறவர். அவரை இவளிடம் கொண்டுவந்து நிறுத்துகிற சொல் எது? உரக்கச் சொல்ல வேண்டாம். மனசுக்குள் நினையுங்கள்.

நினைத்துவிட்டீர்களா?

மகளின் மடியில் இருக்கும் அட்டையில் அம்புக்குறியைத் தவிர இன்னும் எதுவும் இல்லை. மார்க்கரின் முனை காய்ந்துகொண்டிருக்கிறது. நானும் ஒன்றும் எழுதவில்லை, சத்தியமாக.

"எழுதிட்டியா, சரி," என்கிறான் தம்பி போனில், மூச்சை விட்டபடி. "இப்ப தெரியுது. நல்லா தெரியுது."

"நான் இன்னும் எழுதவே இல்லடா."

"சுவர்ல இருக்கேக்கா. உன் தலைக்கு மேல."

அவள் அண்ணாந்து பார்க்கிறாள். வெறும் சுவர். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். முடிந்தால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வளைவு கோட்டைத் தொடும் இடத்தில் கறுப்பாகக் கட்டி நிற்கிறதா?

"படிக்கறார்," என்கிறான் தம்பி. "உதடு அசையுது. அக்கா, தலையாட்டிட்டார். நடக்கறார்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள் மகள்.